ஒழுக்கத்தின் விலை 1,100 ரூபாய்

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரங்களாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த பதிவு இது. சற்று நீளமானது. முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள், கருத்துப் பெட்டியில் "பாதுகாப்புக்காகத்தானே கேட்கிறார்கள்" என்று எழுதுவதற்கு முன், நடுவிலுள்ள உள்ளூர் முகவரி பற்றிய பகுதியையாவது படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் தம்பி கல்லூரி இறுதியாண்டுத் தேர்வை முடித்துவிட்டு ஐதராபாத் வந்தான். அவனுக்குச் சிறுவயது முதலே ராமோஜி திரைப்பட நகரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. 1996-இல் தொடங்கப்பட்டு, 1,600 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அந்த இடம் நகரின் கிழக்கு விளிம்புக்கு அப்பால், விஜயவாடா நெடுஞ்சாலையில் இருக்கிறது. நான் படிக்கும் பல்கலைக்கழகம் மேற்கு விளிம்பில். இடையே 40 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரமும் ஐதராபாத்தின் போக்குவரத்து நெரிசலும். காலையில் வாயில் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நுழைவுக் கட்டணத்துக்குரிய பயன் கிடைக்கும். என் விடுதியோ பெண்கள் விடுதி. தம்பியை வாயிலுக்கு உள்ளே விடமாட்டார்கள். ஆகவே பூங்காவுக்கு அருகே, இரட்டைக் கட்டில் கொண்ட அறையொன்றை 1,100 ரூபாய்க்குச் செயலி வழியே முன்பதிவு செய்து, பணத்தையும் அப்போதே கட்டிவிட்டேன். நெட் தேர்வு உதவித்தொகை இல்லாத ஆய்வு மாணவிக்கு மத்தியப் பல்கலைக்கழகத்தில் மாதம் கிடைப்பது 8,000 ரூபாய். அந்தக் கணக்கில் 1,100 என்பது நான்கு நாள் வாழ்க்கை.

ரயில் தாமதமாகிவிட்டது. சிகந்தராபாத்திலிருந்து பேருந்து மாறி நாங்கள் அந்த விடுதியின் வரவேற்பு மேசைக்கு வந்தபோது இரவு பத்தேகால். மேசையில் இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர். இரண்டு ஆதார் அட்டைகளையும் வாங்கினார், முன்னும் பின்னும் தம் சொந்தக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார், பிறகு கேட்டார்: "எவரு மேடம் இதி?"

"நா தம்முடு" என்றேன்.

"சொந்தத் தம்முடா?"

மொழியியல் படித்தவள் என்ற முறையில் அந்தக் கேள்வியை நான் குறை சொல்லமாட்டேன். திராவிட உறவுமுறையில் சித்தப்பா மகனும் தம்பிதான், சின்னம்மா மகனும் தம்பிதான். தெருவில் வழி கேட்கும் முன்பின் அறியாத இளைஞனும் தம்பிதான். தமிழின் 'தம்பி'யும் தெலுங்கின் 'தம்முடு'வும் ஒரே வேரில் கிளைத்தவை. 'சொந்த' என்ற சொல்லையும் இரு மொழிகளும் பகிர்ந்துகொள்கின்றன. கேள்வி எனக்கு நன்றாகவே புரிந்தது. "ஆமாம், கூடப்பிறந்தவன்" என்றேன். அடுத்து வந்தது: "ப்ரூஃப் உந்தா?"

இங்கேதான் பெயர்கள் எங்களைக் கைவிட்டன. தெலுங்கர்களுக்கு 'இண்டிபேரு' உண்டு: குடும்பத்தின் பெயர், முன்னால் வரும், உடன்பிறந்தோர் அனைவருக்கும் ஒன்றே. நமக்கு அது இல்லை. நமக்கிருப்பது தந்தை பெயரின் முதலெழுத்து. என் அட்டையில் அது ஒற்றை ஆங்கில எழுத்தாகப் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. தம்பியின் அட்டையில் தந்தையின் முழுப்பெயரும் அவன் பெயருக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் பதிந்தவர்கள் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு மையங்களில் இருந்தவர்கள். தமிழ்ப் பெயரைப் பதிய ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி கண்டார்கள். நான் முகவரியை மாற்றியபோது தந்தை பெயர் இருந்த வரி போய், பல்கலைக்கழக விடுதியின் பெயர் வந்துவிட்டது. அந்த இளைஞரின் கண்ணுக்கு எங்கள் அட்டைகள் தொடர்பற்ற இருவருடையவை. அம்மாவுக்குக் காணொளி அழைப்பு விடுக்கிறேன் என்றேன். "அம்மா என்று யாரை வேண்டுமானாலும் காட்டலாம் மேடம்" என்றார். அதிலும் ஒரு நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு அவரே ஒரு தீர்வு சொன்னார். இன்னோர் அறை எடுத்துக்கொள்ளுங்கள், இன்னும் 1,100 ரூபாய், பிரச்சினையே இல்லை.

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ஒரே தளத்தில், அடுத்தடுத்த இரண்டு அறைகள். இரவில் எந்த அறைக் கதவு யாருக்குத் திறக்கிறது என்று எவரும் காவல் நிற்கப்போவதில்லை. எந்தப் பண்பாடு, எந்தக் குடும்ப மானம், எந்தப் பாதுகாப்பு என்று அரை மணி நேரமாக எனக்குப் பாடம் நடத்தப்பட்டதோ, அது அத்தனையும் 1,100 ரூபாயில் தீர்ந்துவிடுகிறது. ஒழுக்கத்துக்கு வாடகை நிர்ணயிக்க முடியும் என்றால் அது ஒழுக்கம் அன்று; கூடுதல் கட்டணம்.

பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். அப்போதுதான் அவர் என் அட்டையின் பின்பக்கத்தைப் படித்தார். முகவரி ஐதராபாத். "லோக்கல் ஐடி. தனி லேடீஸ். இவ்வலேமு மேடம்." தர இயலாதாம். தம்பி தங்கலாம், அவன் வெளியூர்க்காரன், ஆண். நான் கூடாது. சேர்ந்து தங்கினால் உறவு நிரூபணமாகவில்லை. தனியே தங்கினால் உள்ளூர்க்காரி. இரவு பத்தே முக்காலுக்கு, லாரிகள் பறக்கும் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில், ஒரு பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு அதற்குக் காரணமாக அவர் சொன்ன சொல்: "சேஃப்டி."

அந்த இளைஞர்மீது எனக்குக் கோபமில்லை. "மேலிருந்து சொல்லியிருக்கிறார்கள், என் வேலை போய்விடும்" என்று அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். மேலே என்றால் முதலாளியா, வேறு யாருமா என்று அவர் சொல்லவில்லை. எழுத்தில் ஏதேனும் உண்டா என்று கேட்டதற்குத் தலையசைத்தார். இரவுப் பணியில் பன்னிரண்டு மணி நேரம் தனியாக நிற்கும் ஒருவர், எழுதப்படாத ஒரு சட்டத்தின் முழுச் சுமையையும் தாங்கிக்கொண்டு நிற்கிறார். என் சினம் அந்த எழுதப்படாத சட்டத்தின்மீதும், அதை நல்லொழுக்கம் என்று பெயரிட்டுக் காத்து நிற்கும் நம்மீதும்தான்.

எங்கள் கதையை முடித்துவிடுகிறேன். தேநீர்க் கடையொன்றில் அரை மணி உட்கார்ந்து, நெடுஞ்சாலையிலேயே இருந்த பெரிய ஓட்டல் ஒன்றுக்குப் போனோம். ஓர் இரவுக்கு 4,600 ரூபாய். கழுத்துப்பட்டி அணிந்த வரவேற்பாளர் அட்டைகளின் எண்களைக் கணினியில் குறித்துக்கொண்டு திருப்பித் தந்தார். காலை உணவு ஏழு மணிக்கு என்றார். தம்பியா, காதலனா, கணவனா என்ற கேள்வியே எழவில்லை. உள்ளூர் முகவரி என்பதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை. என் அரை மாதத்துக்கும் மேற்பட்ட உதவித்தொகை, எங்கள் இருவருக்கும் ஓர் இரவுக்கான நன்னடத்தைச் சான்றிதழை வாங்கித் தந்தது. இதைவிடத் தெளிவான வர்க்க விளக்கத்தை நான் எந்த வகுப்பறையிலும் கேட்டதில்லை. மறுநாள் பூங்காவில் எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. ராட்டினங்களின் அருகே குழந்தைகளின் உயரத்தை மட்டும் அளந்தார்கள். தம்பி மகிழ்ச்சியாக இருந்தான். இருப்பதாகக் காட்டிக்கொண்டான் என்பதே சரி.

இனி வாதத்துக்கு வருகிறேன்.

விடுதிச் செயலிகளைத் திறந்து பாருங்கள். 'இணையருக்கு உகந்தது', 'உள்ளூர் அடையாள அட்டை ஏற்கப்படும்' என்று சில விடுதிகளுக்குத் தனி முத்திரை குத்தியிருக்கும். மொழியை ஆராய்பவர்களுக்கு இது பழகிய வடிவம். எதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறதோ, அது விலக்கு, சொல்லப்படாததே விதி. 'தண்ணீர் உண்டு' என்று எந்த விடுதியும் முத்திரை குத்துவதில்லை. 'உள்ளூர்வாசிக்கும் அறை உண்டு' என்று குத்துகிறது. அப்படியானால் மற்ற விடுதிகளில் அவருக்கு அறை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த, எங்கும் எழுதப்படாத, எவரும் பொறுப்பேற்காத விதி.

2025 சனவரியில் ஓயோ நிறுவனம் மீரட் நகரில் தொடங்கி, மணமாகாத இணையருக்கு அறை மறுக்கும் உரிமையைத் தன் கூட்டு விடுதிகளுக்கு வழங்கியது நினைவிருக்கலாம். உறவுக்கான சான்று கேட்கப்படும் என்றார்கள். அந்தச் செய்தியின்போது நம் பக்கங்களில் காதலர்களைப் பற்றிய கேலிச் சித்திரங்கள்தாம் பறந்தன. நானும் ஒன்றிரண்டுக்கு விருப்பக்குறி இட்டேன், ஒப்புக்கொள்கிறேன். உறவுக்குச் சான்று என்று இந்த நாட்டில் எதைக் காட்டுவது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அக்காள் தம்பி என்பதற்கு அட்டை உண்டா? குடும்ப அட்டையில் பெயர்கள் சேர்ந்திருக்கலாம். அதை யார் கேளிக்கைப் பூங்காவுக்கு எடுத்துப்போகிறார்கள்? கணவன் மனைவிக்கேனும் உண்டா? தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-இல்தான் வந்தது. அதற்கு முன் மணந்த என் பெற்றோரிடம் இருப்பது ஓர் அழைப்பிதழும், பூஞ்சை படர்ந்த ஒரு புகைப்படத் தொகுப்பும். இந்த விதியின்படி அவர்கள் இருவரும் சந்தேகத்துக்குரியவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? ஆங்கிலேய அரசு 1867-இல் சத்திரங்களுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. பதிவு செய்ய வேண்டும், தொற்றுநோயோ மரணமோ நேர்ந்தால் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், இடத்தைத் தூய்மையாக வைக்க வேண்டும், காவலாளி வைக்க வேண்டும், கட்டணப் பட்டியலைக் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்று கடமைகளை அடுக்கியது. தங்க வருபவர்கள் மணமானவர்களா என்று கேட்க வேண்டும் என்ற கடமையை விக்டோரியா காலத்து அரசுகூட விதிக்கவில்லை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இன்றும் உண்டு. தங்குவோரின் அடையாளத்தைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பதும் முறையானதே. அதற்கு மேல் சொல்லப்படுவதெல்லாம் வாய்மொழி.

இது தெலங்கானத்தின் சிக்கல் என்று எண்ணி நம்மவர்கள் நிம்மதி அடைய வேண்டாம். 2019 சூனில் கோயம்புத்தூரில் ஒரு விடுதியை அதிகாரிகள் பூட்டி முத்திரையிட்டார்கள். ஓர் அறையில் மணமாகாத இருவர் தங்கியிருந்தது குற்றமாகச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அந்த ஆண்டு திசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம்.எஸ். ரமேஷ், மணமாகாத வயதுவந்த இருவர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று தெளிவாகச் சொல்லி முத்திரையை அகற்ற உத்தரவிட்டார். 2010-இல் குஷ்பு வழக்கில் உச்ச நீதிமன்றமும் வயதுவந்தோர் மணமின்றிச் சேர்ந்து வாழ்வது குற்றமன்று என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கு எந்த மாநிலத்தின் நீதிமன்றங்களில் தொடங்கியது என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

நம் மொழியே இதில் சாட்சி. பிற இடங்களில் 'ஓட்டல்' தங்குமிடத்தைக் குறிக்கும். தமிழில் அது சாப்பிடும் இடம். தங்குமிடத்துக்கு நாம் வைத்துக்கொண்ட சொல் 'லாட்ஜ்'. அந்தச் சொல்லைச் சொல்லும்போதே குரல் ஒருபடி இறங்குகிறது. "லாட்ஜில் தங்கினாளாம்" என்ற தொடரில் வினைமுற்றோடு ஒட்டிய அந்த 'ஆம்' செய்யும் வேலையை எந்தக் குற்றப்பத்திரிகையும் செய்யாது. ஒரு காலத்தில் இதே மொழியில் சத்திரமும் சாவடியும் இருந்தன. அவற்றைப் பொற்காலமாக்க நான் முன்வரமாட்டேன். சாதி பார்த்துப் பந்தி பிரித்த சத்திரங்களின் வரலாறும் நமக்குத் தெரியும்.

தெரியும் என்பதால்தான் அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் உறுப்பு இரண்டாம் பிரிவு அப்படி எழுதப்பட்டது. சமயம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனுக்கும் கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் நுழையத் தடையோ நிபந்தனையோ விதிக்கக்கூடாது. விடுதியும் கேளிக்கை இடமும் ஒரே வரியில், அடுத்தடுத்து. அரசுக்கு எதிராக மட்டுமன்றித் தனியாருக்கு எதிராகவும் பேசும் மிகச் சில பிரிவுகளுள் அது ஒன்று. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் தீண்டாமையின் பெயரால் விடுதியில் இடம் மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2019-ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம் தங்குமிடம் மறுப்பதைத் தடை செய்கிறது.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 15-ஆம் உறுப்பின் பட்டியலில் மணநிலை இல்லை. வசிக்கும் இடமும் இல்லை. பிறந்த இடம் வேறு, வசிக்கும் இடம் வேறு என்று உச்ச நீதிமன்றம் 1955-லேயே ஒரு கல்லூரிக் கட்டண வழக்கில் பிரித்துவிட்டது. ஆகவே "லோக்கல் ஐடி" என்ற மறுப்பு அந்தப் பட்டியலின் இடுக்கு வழியே தப்பித்துவிடுகிறது. ஆனால் "தனி லேடீஸ்" தப்பிக்காது. பாலினம் பட்டியலில் இருக்கிறது. தம்பிக்குத் தருவேன், அக்காவுக்குத் தரமாட்டேன் என்பதற்கு வேறு என்ன பெயர்? மேலும் எழுதப்படாத விதியின் வசதியே இதுதான்: எந்தக் காரணத்தையும் வேறொரு காரணத்தின் பெயரில் சொல்லலாம். இசுலாமியப் பெயர் கொண்ட நண்பர்கள், வடகிழக்கிலிருந்து வந்த நண்பர்கள் பலரும் என்னிடம் சொல்லும் கதைகளில் யாரும் அவர்கள் முகத்துக்கு நேரே சமயத்தையோ முகச்சாயலையோ சொல்வதில்லை. "ரூம் ஃபுல்" என்பார்கள். சாவிகள் பின்னால் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

உள்ளூர் முகவரி என்பதற்கு ஒரு விளக்கம் தருகிறார்கள். சொந்த ஊரிலேயே வீடு இருப்பவருக்கு அறை எதற்கு, தவறான நோக்கம்தானே இருக்க முடியும் என்று. எதற்கென்று நான் சொல்கிறேன். மருத்துவமனையில் கிடக்கும் உறவினரின் துணைக்கு வந்து, நகரின் மறுகோடியில் உள்ள வீட்டுக்கு நள்ளிரவில் திரும்ப முடியாதவர். வீட்டு உரிமையாளர் திடீரென்று காலி செய்யச் சொன்ன வாடகைதாரர். விடியற்காலைத் தேர்வுக்கு மையத்தின் அருகே தங்க வேண்டிய மாணவர். எல்லாவற்றுக்கும் மேலாக, குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து இரவு பதினொரு மணிக்குக் கைப்பையோடு வெளியேறிய பெண். அவளுடைய அட்டையில் இருப்பது அவள் தப்பி வந்த அதே வீட்டின் முகவரி. அது உள்ளூர் முகவரி. அவள் தனி லேடீஸ். அவளுக்கு 4,600 ரூபாய் விடுதி எட்டாது. விதியை வகுத்தவர் அவளை நினைத்து வகுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது முதலில் வெளியே தள்ளுவது அவளைத்தான். என்னிடம் அன்று இரவு கடன் அட்டையும், உடன் ஒரு தம்பியும் இருந்தார்கள்.

எதிர்வாதங்களை நான் அறியாதவளல்ல. விடுதி அறைகளில் தற்கொலைகள் நிகழ்கின்றன. சிறுமிகள் கடத்தி அடைக்கப்படுகிறார்கள். ஏதேனும் நேர்ந்தால் முதலில் காவல் நிலையத்துக்கு அழைக்கப்படுபவர் விடுதிக்காரர்தான். மெய்யான அச்சங்கள். ஆனால் இவற்றுள் எதை உறவுச் சான்று தடுக்கிறது? வயதைப் பாருங்கள், அதற்குத்தான் பிறந்த தேதி அட்டையில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் பெற்றோரல்லாத ஒருவரோடு வந்தால் கேள்வி கேளுங்கள், காவல்துறையை அழையுங்கள். கண்காணிப்புக் கருவியை நடைவழியில் மாட்டுங்கள். வன்முறைக்கு ஆளாகும் மனைவிமாரும் தாலியோடுதான் விடுதிக்கு வருகிறார்கள். அவர்களிடம் எந்த வரவேற்பாளரும் நலமா என்று கேட்பதில்லை. 'ஃபேமிலி' என்ற சொல்லைச் சொன்னதும் எல்லாப் பாதுகாப்புக் கேள்விகளும் நின்றுவிடுகின்றன.

இரண்டு அறை எடுத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று தோழி ஒருத்தி கேட்டாள். எடுக்கத்தான் முனைந்தேன் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். இருந்தாலும் கேள்விக்கு விடை: பணம் இருப்பவர் இரண்டு அறை எடுப்பது அவர் விருப்பம், இல்லாதவர் எடுக்கக் கட்டாயப்படுத்தப்படுவது அபராதம்.

கைப்பேசிப் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறை தரவில்லை, ஆனால் எங்கள் ஆதார் அட்டைகளின் நான்கு படங்கள் அந்த இளைஞரின் கைப்பேசியில் இருக்கின்றன. 2022 மே மாத இறுதியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், உரிமம் பெறாத விடுதிகளும் திரையரங்குகளும் ஆதார் நகல்களை வாங்கிச் சேர்க்க அனுமதியில்லை என்று அறிவித்தது. நாடே திடுக்கிட்டு நகல்களை எண்ணத் தொடங்கியதும், இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி அந்த அறிவிப்பை அரசு திரும்பப் பெற்றது. பின்னர் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரைப் பதிவிறக்கிக்கொள்ள முடியும். நீங்கள் எல்லோரும் அதையே பயன்படுத்துங்கள். நான் அன்று பயன்படுத்தவில்லை. என் பிழை.

கடைசியாக, செயலி. நாங்கள் வெளியேறிய ஒரு மணி நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது: விருந்தினர் வரவில்லை, ஆகவே பணம் திரும்பாது. நான் வரவில்லையாம். என் முகமும் என் அட்டையும் அந்த மேசையில் படமாகக் கிடக்கும்போது நான் வரவே இல்லை. மறுப்பை 'வரவில்லை' என்று பதிவதால் மறுப்பு என்ற ஒன்று நடந்ததற்கான தடயமே அழிந்துபோகிறது. எத்தனை பேர் இப்படித் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்று யாரும் எண்ண முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மூன்று கோரிக்கைகள்: கட்டிய 1,100 ரூபாய், அட்டைப் படங்கள் அழிக்கப்பட்டன என்ற எழுத்துப்பூர்வ உறுதி, அறை மறுக்கப்பட்டதற்கான காரணம், எழுத்தில், அதைச் சொல்பவரின் பதவியோடு. மூன்றாவதைக் கேட்டபோது மறுமுனையில் இருந்தவர் "அது எதற்கு மேடம், பணம் வந்தால் போதாதா?" என்றார். போதாது என்றேன். உங்களில் யாருக்கேனும் இப்படி நேர்ந்திருந்தால், மறுப்பை எழுத்தில் கேட்டீர்களா, என்ன பதில் கிடைத்தது என்று கீழே எழுதுங்கள். விடுதியின் பெயர் வேண்டாம். ஊரும் ஆண்டும் போதும்.